‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று வெளியே நிற்கும் பழைய கார்: உப்புக்காற்று அதுவரை காத்திருக்குமா?

புன்னைக்காயலில் என் மாமா வீட்டுக்குப் பின்னாடி, முருங்கை மரத்தடியில் ஒரு அம்பாசிடர் நிற்கிறது. மார்க் 4 மாடல், 1986-ல் பதிவான வண்டி. தாத்தா வாங்கியது. பிரசவ வலி வந்தவர்களைத் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, கல்யாணப் பெண்ணைக் கோயிலுக்கு அழைத்து வந்தது, கடைசியில் தாத்தாவையே ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது என்று அந்தத் தெருவில் பாதிப் பேரிடம் அந்த வண்டியைப் பற்றி ஒரு கதை இருக்கும்.

2014-ல் கிளட்ச் போனது. “சரி பண்ணி எடுத்துரலாம்ல, கிறிஸ்மஸ் முடியட்டும்” என்றார் மாமா. அதுக்கப்புறம் எத்தனையோ கிறிஸ்மஸ் முடிந்துவிட்டது. போன தடவை ஊருக்குப் போனபோது தூத்துக்குடியிலிருந்து ஒரு டிங்கரைக் கூட்டிப் போனேன். அவர் வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. நேரே குனிந்து, கதவுக்குக் கீழே ஓடும் பாகத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். அது உள்ளே போய்விட்டது. பிஸ்கட் உடைகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

“இன்ஜின் ஒண்ணும் பிரச்சினை இல்ல தம்பி. அது கெடக்கட்டும். பாடிதான் போய்க்கிட்டு இருக்கு. இன்னும் ரெண்டு மழைக்காலம் விட்டா கதவை மாட்ட இடம் இருக்காது.”

இந்த மாதிரி ஒரு கார் உங்கள் வீட்டுப் பின்பக்கமும் நிற்கலாம். அம்பாசிடர் இல்லாவிட்டால் பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அப்பாவின் முதல் மாருதி 800. “கையில காசு வந்ததும் ரெஸ்டோர் பண்ணணும்” என்று ஒரு ஆசை. அதுவரை வெளியே நிற்கட்டும் என்று ஒரு முடிவு. இந்தக் கடற்கரையில் அந்த முடிவுக்கு என்ன விலை, வெளியேதான் நிறுத்த முடியும் என்றால் என்ன செய்யலாம், சட்டம் என்ன சொல்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கடலோரத்தில் மட்டும் ஏன் இவ்வளவு வேகம்?

இரும்பு துருப்பிடிக்க இரண்டு விஷயம் வேண்டும்: ஈரம், ஆக்ஸிஜன். இது பள்ளிக்கூடப் பாடம். மூன்றாவதாக உப்பு சேர்ந்தால் கதையே வேறு.

சுத்தமான இரும்புத் தகட்டின் மேல் காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் துரு வேகமெடுக்கும். அதே தகட்டில் உப்புத்தூள் படிந்திருந்தால் கணக்கு மாறும். சமையல் உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, 75 சதவீத ஈரப்பதத்தில் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் கூடவே மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அது ஈரப்பதம் வெறும் 33 சதவீதம் இருந்தாலே தண்ணீரை இழுக்க ஆரம்பித்துவிடும். நீங்கள் தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஈரப்படலம் அந்தத் தகட்டின் மேல் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும். மழைக்காலத்தில் மட்டும் துருப்பிடிக்கும் என்று நாம் நினைப்பது இங்கேதான் தப்பாகிறது. ஏப்ரல் வெயிலிலும் அது நடக்கிறது.

புன்னைக்காயலின் இருப்பிடத்தை யோசித்துப் பாருங்கள். தாமிரபரணி கடலில் கலக்கும் முகத்துவாரம். கிழக்கே மன்னார் வளைகுடா, பக்கத்தில் உப்பளங்கள். நாட்டின் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த பெரிய பங்கு தூத்துக்குடி பகுதிக்குத்தான். கொண்டல் அடித்தாலும் சோழகம் அடித்தாலும் காற்று கடலிலிருந்துதான் வருகிறது. உப்பளம் காய வசதியான ஊர் இரும்புக்கு வசதியான ஊர் இல்லை.

இதை ஆராயவே நம்ம பக்கத்தில் ஒரு தேசிய நிறுவனம் இருக்கிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், நம்ம ஊர்க்காரர்கள் வாயில் ‘செக்ரி’. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்ட இடம். உலோக அரிப்பு அவர்களுடைய முக்கியமான ஆய்வுத் துறைகளில் ஒன்று. மண்டபத்திலும் தூத்துக்குடித் துறைமுகத்திலும் அவர்களுக்கு ஆய்வு மையங்கள் இருக்கின்றன. நாட்டின் எந்தப் பகுதியில் இரும்பு எவ்வளவு வேகமாக அரிக்கும் என்று வரைபடமே போட்டிருக்கிறார்கள்.

பாம்பன் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1914-ல் திறந்தது. அந்த ரயில் பாலத்தை உப்பிலிருந்து காப்பாற்றுவதே ரயில்வேக்கு ஓயாத வேலை. சுரண்டி, பெயின்ட் அடித்து, பாகங்களை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அப்படிப் பார்த்துக்கொண்டும் 2022 டிசம்பரில் அதில் ரயில் ஓட்டுவதை நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரல் 6-ம் தேதி பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தார்கள். ஆளும் பணமும் வைத்துப் பராமரித்த இரும்புக்கே இந்தக் கதி. முருங்கை மரத்தடியில் யாரும் பார்க்காமல் நிற்கும் ஒரு மில்லிமீட்டர் தகட்டுக்கு என்ன ஆகும்?

இன்ஜினை விட பாடிக்கு ஏன் பயப்படணும்?

ஒரு பழைய காரைப் பார்க்க வருபவர்கள் முதலில் கேட்பது, “இன்ஜின் ஓடுமா?” அது இரண்டாவது கேள்வியாக இருக்க வேண்டும்.

அம்பாசிடர் 1950-களின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரிலிருந்து வந்தது. 2014 வரை உத்தர்பாராவில் தயாரித்தார்கள். அதற்குத் தனியாகக் கழற்றக்கூடிய சேஸிஸ் கிடையாது. அடித்தளம், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி, தூண், கூரை எல்லாம் ஒன்றாகப் பற்றவைத்த ஒரே கூடு. பத்மினியும் அப்படித்தான். கூட்டில் துருப்பிடித்தால் எலும்பிலேயே துருப்பிடித்த மாதிரி. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு மாதிரி வண்டிகளுக்குத் தனி சேஸிஸ் உண்டு, மேல் பாடியைப் போல்ட் கழற்றி எடுக்கலாம். அங்கே டிங்கருக்குக் கொஞ்சம் வேலை சுலபம். ஆனால் அந்தச் சேஸிஸும் இரும்புதான், அதுவும் அரிக்கும்.

இன்ஜின் கனமான வார்ப்பிரும்பு. உள்ளே எண்ணெய் பூசியிருக்கிறது. இறுகிப் போனாலும் பெரும்பாலும் திறந்து சரி செய்யலாம், இல்லையென்றால் வேறு ஒன்றைத் தேடி வைக்கலாம். பாடிக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் டிங்கர் பேனட்டைத் திறக்காமல் கீழே குனிந்தார்.

உங்கள் வண்டியில் எங்கே பார்ப்பது? கதவுக்குக் கீழ்ப் பெட்டி, மேட்டுக்கு அடியில் இருக்கும் தரை, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி, பேட்டரி தட்டு, முன் கண்ணாடிக்குக் கீழே காய்ந்த இலை சேரும் இடம், சக்கர வளைவின் உள்பக்கம். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, முன்னாடி யாரோ பூசிய பட்டிதான் இருக்கிறது. பெயின்ட் கொப்புளம் மாதிரி எழும்பியிருந்தால் உள்ளே துரு வளர்ந்து வெளியே தள்ளுகிறது என்று அர்த்தம். துரு இரும்பை விட அதிக இடத்தை எடுத்துக்கொள்ளும். வெளியே ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே அது ஏற்கெனவே கொஞ்ச தூரம் போயிருக்கும்.

தார்ப்பாய் போட்டு மூடினா போதாதா?

நிறைய பேர் செய்யும் தப்பு இதுதான். மாமாவும் செய்தார். நீலத் தார்ப்பாய், நாலு மூலையில் கயிறு. ஏழு வருஷம்.

பிளாஸ்டிக் தார்ப்பாய் மழையைத் தடுக்கும், உண்மைதான். ஆனால் மண்ணிலிருந்து எழும் ஈரத்தை வெளியே விடாது. பகலில் உள்ளே புழுங்கும். ராத்திரி தகடு குளிர்ந்ததும் அந்த ஈரம் வியர்வையாகப் படியும். காலையில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தால் மழையே பெய்யாத நாளிலும் உள்பக்கம் நனைந்திருக்கும். போதாததற்குக் காற்றில் தார்ப்பாய் அடித்து அடித்து, உப்பும் மணலும் சேர்ந்து உப்புத்தாள் மாதிரி பெயின்டைத் தேய்த்துவிடும். பெயின்ட் போன இடத்தில் இரும்பு திறந்து கிடக்கும்.

தார்ப்பாயைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அதை வண்டி மேல் போடாமல் வண்டிக்கு மேலே கட்டுங்கள். நாலு சவுக்குக் கம்பு நட்டு, கூரையாக ஓலையோ தகரமோ போட்டு, பக்கங்களைத் திறந்து விட்டால் காற்று புகுந்து போகும். கடல் பக்கம் மட்டும் ஒரு தட்டி. நம்ம ஊரில் வலையும் வள்ளமும் அப்படித்தானே நிழலில் கிடக்கின்றன? காருக்கு மட்டும் ஏன் பிளாஸ்டிக் சுருட்டல்?

வெளியேதான் நிறுத்த முடியும் என்றால்: செய்ய வேண்டியவை

மூடிய கேரேஜ் கட்ட எல்லோரிடமும் இடமோ பணமோ இல்லை. அப்படியானால் குறைந்தபட்சம் இவற்றைச் செய்யுங்கள். பெரும்பாலான வேலை ஒரு சனி, ஞாயிறில் முடிந்துவிடும்.

1. நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அடிப்பாகம், சக்கர வளைவு, கதவின் உள் ஓரம் எல்லாம். கடலோர ஊர்களில் போர் தண்ணீரே உப்பாக இருக்கும், அதில் கழுவினால் வேலைக்கு ஆகாது. குடிக்கிற தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைத் தண்ணீர் வேண்டும். கழுவிய பிறகு ஒரு நாள் முழுக்கக் கதவு, டிக்கி, பேனட் எல்லாம் திறந்து வைத்துக் காய விடுங்கள்.

2. மண்ணிலோ புல்லிலோ நிறுத்தாதீர்கள். சிமென்ட் தரை இருந்தால் நல்லது. இல்லையென்றால் தரையில் கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, அதன்மேல் கல் பாவி நிறுத்துங்கள். மண்ணின் ஈரம் மேலே வராது.

3. உள்ளே இருக்கும் துணியை வெளியே எடுங்கள். தரை மேட், சணல், பஞ்சு எல்லாம் ஈரத்தைப் பிடித்து வைக்கும். தரை ஓட்டையாவது பெரும்பாலும் மேட்டுக்கு அடியிலிருந்துதான்.

4. தண்ணீர் வடியும் ஓட்டைகளைத் திறந்து விடுங்கள். கதவின் அடி ஓரத்தில் சின்ன ஓட்டைகள் இருக்கும். மண் அடைத்திருந்தால் கம்பியால் குத்தி எடுங்கள். மரத்தடியில் நிறுத்தினால் முருங்கை இலையே போதும் அடைத்துவிட. மரத்தடியை விட்டு நகர்த்துவது இன்னும் நல்லது.

5. எண்ணெய் பூசுங்கள். சுத்தம் செய்து காய்ந்த அடிப்பாகத்தில் துருத் தடுப்பு எண்ணெய் அல்லது கிரீஸ். கதவின் உள்ளேயும் கீழ்ப் பெட்டிக்குள்ளும் தெளிக்க வேண்டும், துரு ஆரம்பிப்பது அங்கேதான். துருவின் மேலேயே தார் பூசி மறைக்காதீர்கள். அது ஈரத்தை உள்ளே பூட்டிவிடும்.

6. வண்டியைத் தூக்கி வையுங்கள். டயர் ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் வடிவம் போகும். ஆக்ஸிலுக்குக் கீழே ஸ்டாண்டு அல்லது கெட்டியான மரக்கட்டை கொடுங்கள். ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம், சட்டென்று உடையும். ஏற்கெனவே துருப்பிடித்த தரைக்குக் கீழே ஜாக்கி வைக்காதீர்கள்.

7. ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். போட்டபடி விட்டால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கட்டை வைத்தால் போதும்.

8. பேட்டரியைக் கழற்றுங்கள், பெட்ரோலை வடியுங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாசக்கணக்கில் டாங்கில் கிடந்தால் தண்ணீர் கீழே பிரிந்து தேங்கி, இரும்பு டாங்கை உள்ளிருந்து அரிக்கும். பழைய வண்டியின் ரப்பர் குழாய்களும் எத்தனாலுக்குச் செய்யப்பட்டவை இல்லை.

9. ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் விடாதீர்கள். ஒன்று, முழுசாக வடித்துவிடுங்கள். இல்லை, துருத் தடுப்பு சேர்ந்த கூலன்ட் ஊற்றி வையுங்கள்.

10. எலிக்கு வழி விடாதீர்கள். சைலன்ஸர் வாய், காற்று போகும் துளைகளில் கம்பி வலை. எலி வயரைக் கடிக்கும், அதைத் தேடிப் பாம்பு வரும்.

மழை முடிந்ததும், கோடை தொடங்கும்போதும் என்று வருஷத்துக்கு இரண்டு தடவையாவது முதல் ஐந்து வேலைகளைத் திரும்பச் செய்யுங்கள்.

மாசம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி விடுறேனே?

நல்ல எண்ணம்தான், ஆனால் அரைகுறையாகச் செய்தால் கெடுதல். ஐந்து நிமிஷம் ஓட்டி அணைத்தால் இன்ஜின் முழுசாகச் சூடாகாது. பெட்ரோல் எரியும்போது உருவாகும் நீராவி ஆவியாகி வெளியேறாமல் சைலன்ஸரிலும் இன்ஜின் ஆயிலிலும் தங்கிவிடும். ஓட்டுவதானால் நன்றாகச் சூடேறும்வரை சாலையில் ஓட்டுங்கள். அதற்கு வாய்ப்பில்லை என்றால் ஸ்டார்ட் செய்யாமல் விடுவதே மேல். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, மாசம் ஒரு தடவை இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றி வையுங்கள். பழைய அம்பாசிடரில் ஹேண்டில் போட்டுச் சுற்றும் வசதியே உண்டு.

இதெல்லாம் நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. கடலுக்குப் போய் வந்ததும் வள்ளத்தின் அவுட்போர்டு இன்ஜினை நல்ல தண்ணி விட்டு ஓட்டிக் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவித்தான் கரையில் வைப்பார்கள். அதைச் செய்யாத ஆளை “பிழைக்கத் தெரியாதவன்” என்பார்கள். அதே வீட்டுப் பின்பக்கம் கார் உப்பில் வேகும். காரணம் எளிது. வள்ளத்தின் இன்ஜின் நாளைக்கு வேண்டும். கார் ‘என்றைக்கோ’ வேண்டும்.

இரண்டு ஆபத்துகள், இரும்பை விடப் பெரியவை

முதலாவது, குழந்தைகள். 2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே, நிறுத்தி வைத்திருந்த காருக்குள் விளையாடப் போன மூன்று குழந்தைகள் கதவைத் திறக்க முடியாமல் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். ஓடாத கார் குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டு வீடு. வெயிலில் அது சில நிமிஷங்களில் அடுப்பாகிவிடும். எல்லாக் கதவையும் டிக்கியையும் பூட்டுங்கள், சாவியை வீட்டுக்குள் உயரத்தில் வையுங்கள். பூட்டு வேலை செய்யவில்லை என்றால் இன்றைக்கே ஒரு கம்பியாவது போட்டுக் கட்டுங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்துவிடுங்கள்.

இரண்டாவது, வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18-ஐ இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணியில் வந்த அத்தனை தண்ணீரும் கடைசியில் புன்னைக்காயல் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். மாமாவின் கார் அன்றைக்கு சீட் வரை முழுகியது. வெள்ளம் வடிந்த பிறகு வீட்டைச் சுத்தம் செய்யவே ஆள் இல்லாத நேரத்தில் காரை யார் பார்ப்பார்கள்? உள்ளே போன சேறு இன்னும் கீழ்ப் பெட்டிக்குள் இருந்தது. டிங்கரின் ஸ்க்ரூ டிரைவர் நுனியில் துருவோடு ஒட்டி வந்தது அந்தச் சேறுதான்.

ஆர்.சி. என்ன ஆகும்?

வண்டி நின்றாலும் காகிதம் நிற்காது. மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 15 ஆண்டைத் தாண்டிய காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. 20 ஆண்டைத் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக்கினார்கள். மாநிலத்தின் பசுமை வரி தனி.

தாமதமானால்? 2021 அக்டோபரில் வந்த மத்திய அறிவிக்கைப்படி மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல் கட்டணம். 36 மாதத் தாமதம் என்றால் 18,000 ரூபாய். புதுப்பிப்பதற்கு முன் வண்டி ஓடும் நிலையில் இருக்கிறதா என்று ஆய்வும் உண்டு. உங்கள் வண்டிக்கு இன்றைய கணக்கு எவ்வளவு என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டுவிட்டு ரெஸ்டோரேஷன் பட்ஜெட் போடுங்கள்.

தெருவில் நிறுத்தியிருக்கிறீர்களா? பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நிற்கும் வண்டியை அப்புறப்படுத்தச் சட்டத்தின் 127-வது பிரிவு போலீஸுக்கு அதிகாரம் தருகிறது. உங்கள் பொக்கிஷம் அவர்கள் பார்வையில் வெறும் இடைஞ்சல்.

‘விண்டேஜ்’ என்று பதிவு பண்ண முடியாதா?

முடியும், 50 வயதானால். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய சொந்த உபயோக இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களை விண்டேஜாகப் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். 10 ஆண்டுக்குச் செல்லும். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துகளுக்கு அடுத்து ‘வி.ஏ.’ வரும். கண்காட்சி, ரேலி மாதிரி விஷயங்களுக்கு ஓட்டலாம், தினசரி உபயோகத்துக்குக் கூடாது.

அதில் ஒரு நிபந்தனையைக் கவனியுங்கள். வண்டி அதன் அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடிக் கூடு, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. பாடியைத் துருவுக்குக் கொடுத்துவிட்டுப் பாதிக்கு மேல் புதுத் தகடு வெட்டி ஒட்டினால், அதை ‘அசல்’ என்று நிரூபிப்பது உங்கள் தலைவலி. மாமாவின் 1986 வண்டி 2036-ல்தான் 50-ஐத் தொடும். அதுவரை முருங்கை மரத்தடியில் அது தாங்குமா?

இங்கே எனக்கு அரசிடம் ஒரு குறை உண்டு. பழைய வண்டியை ஓட்டாதே என்று சொல்ல நியாயம் இருக்கிறது. புகை, பாதுகாப்பு, எல்லாம் சரி. ஆனால் ஓடவே ஓடாத வண்டிக்கு மாதா மாதம் தாமதக் கட்டணம் ஏறுவதில் என்ன நியாயம்? பிரிட்டனில் 1998 முதல் ஒரு முறை இருக்கிறது. “என் வண்டி சாலைக்கு வராது” என்று முறையாக அறிவித்துவிட்டால் வாகன வரி கிடையாது. மீறிச் சாலைக்கு வந்தால் அபராதம். 15 வயதுக்கும் 50 வயதுக்கும் இடையில் மாட்டிக்கொண்ட சொந்த உபயோக வண்டிகளுக்கு அப்படி ஒரு அறிவிப்பு முறை இங்கேயும் வந்தால், நேர்மையாக ரெஸ்டோர் செய்ய நினைப்பவர் காகிதத்தில் தோற்க வேண்டியிருக்காது.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்?

அரசு மாறும்போது மாறட்டும். நம்ம பக்கத் தப்பைப் பேசுவோம். ‘நிறுத்தி வைத்திருக்கிறோம்’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் முடிவெடுக்காமல் இருப்பதற்கு ஒரு கௌரவமான பெயர். உள்நாட்டு ஊர்களில் அந்தத் தாமதத்துக்குக் கொஞ்சம் மன்னிப்பு கிடைக்கும். கடற்கரையில் கிடைக்காது. இங்கே முடிவெடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான்: பழைய இரும்பு விலைக்குப் போடுவது, ஆனால் பத்து வருஷம் மெதுவாக.

என் கருத்தில் மூன்றே வழிதான் இருக்கிறது.

ஒன்று, தேதி வைத்துக் காப்பாற்றுங்கள். “காசு வந்ததும்” என்பது தேதி இல்லை. எந்த மாசம் டிங்கரிங், அதற்கு மாசம் எவ்வளவு எடுத்து வைப்பது என்று எழுதுங்கள். முழு ரெஸ்டோரேஷனுக்குப் பணம் சேரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். முதலில் துருவை நிறுத்துங்கள். பெயின்ட், சீட், குரோம் எல்லாம் பத்து வருஷம் கழித்தும் செய்யலாம். ஓட்டையான தரை அப்படிக் காத்திருக்காது.

இரண்டு, இப்போதே செய்யக்கூடியவர் கையில் கொடுங்கள். இது மானப் பிரச்சினை மாதிரி நம்ம வீடுகளில் பேசப்படுகிறது. “தாத்தா வண்டியை விக்கிறதா?” விற்ற வண்டி எங்கேயாவது ஓடும். விற்காத வண்டி மண்ணாகும். நேதாஜி 1941 ஜனவரியில் கொல்கத்தா வீட்டிலிருந்து தப்பிப் போன ஜெர்மன் வாண்டரர் கார், பல பத்தாண்டுகள் அதே வீட்டில் நின்று, 2017-ல் மறுபடி புதுப்பிக்கப்பட்டது. அத்தனை வருஷம் கழித்தும் புதுப்பிக்க முடிந்ததற்குக் காரணம், அதைக் காக்க ஒரு நிறுவனமும் தலைக்கு மேல் ஒரு கூரையும் இருந்தன. கோவையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தின் கார் அருங்காட்சியகத்தில் பழைய வண்டிகள் பளபளவென்று நிற்பதற்கும் அதேதான் காரணம். அவ்வளவு நம்மால் முடியாவிட்டால், முடிந்தவரிடம் கொடுப்பதில் தாத்தாவுக்கு அவமரியாதை எதுவும் இல்லை.

மூன்று, முடியாது என்று தெரிந்தால் முறைப்படி முடித்து வையுங்கள். அங்கீகரிக்கப்பட்ட ஸ்கிராப் மையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்குங்கள், ஆர்.சி.யை ரத்து செய்யுங்கள். இனி உபயோகிக்கவே முடியாத நிலைக்கு வந்த வண்டியைப் பற்றி 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 55-வது பிரிவு. பழைய இரும்புக்காரரிடம் அப்படியே தள்ளிவிட்டால் வண்டி போய்விடும், உங்கள் பெயர் பதிவில் இருக்கும். அந்த நம்பர் நாளைக்கு வேறொரு வண்டியில் ஓடினால் போலீஸ் தட்டுவது உங்கள் கதவைத்தான்.

“இதுக்கு இவ்வளவு யோசனையா, ஒரு பழைய காருதானே” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பொருளைக் காப்பாற்றுவது நமக்குத் தெரியாத வித்தை இல்லை. தூத்துக்குடி பனிமயமாதா கோயிலின் தங்கத் தேர் ஆண்டுதோறும் ஓடுவதில்லை. 2023 ஆகஸ்ட் 5-ம் தேதி ஓடியபோது பார்த்திருப்பீர்கள். இருநூறு ஆண்டுக்கு மேல் பழமையான தேர், பல ஆண்டு நின்று மறுபடி ஓடுகிறது. கோயில் தேர்களுக்கு நம்ம ஊரில் ‘நிலை’ என்று ஓர் இடமே உண்டு. ஓடி முடித்த தேர் நிலைக்கு வந்து நிற்கும், மேலே கூரை இருக்கும், அடுத்த ஓட்டத்துக்குத் தேதி இருக்கும். இடம், கூரை, தேதி. இந்த மூன்றும் இருந்தால் நிற்பது ஓய்வு. எதுவும் இல்லையென்றால் அது கைவிடுவது.

போன மாசம் மாமாவோடு உட்கார்ந்து பேசினோம். விற்க அவருக்கு மனசு வரவில்லை. வற்புறுத்தவும் எனக்கு மனசு வரவில்லை. அதனால் ஓர் ஒப்பந்தம். முருங்கை மரத்தடியிலிருந்து வண்டியைத் தள்ளி, சவுக்குக் கம்பு நட்டு ஓலைக் கூரை போட்டாயிற்று. நீலத் தார்ப்பாய் ஓலைக்கு மேலே போய்விட்டது. பக்கத்து வீட்டு அண்ணன் வள்ளத்து இன்ஜின் கழுவும்போது ஒரு குடம் நல்ல தண்ணி காருக்கும் ஊற்றுகிறார். மழைக்கு முன்னாடி டிங்கர் வந்து தரைத் தகடு மட்டும் மாற்றுவார். அதற்கான பணத்தை நான் மாசா மாசம் அனுப்புகிறேன். அடுத்த ஈஸ்டருக்குள் தரை வேலை முடியவில்லை என்றால் வண்டியை எடுத்துச் செய்யத் தயாராக இருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிடுவது என்று முடிவு.

“ஈஸ்டரா? கிறிஸ்மஸ் முடியட்டும்னு சொன்னா ஆகாதா?” என்றார் மாமா.

ஆகாது மாமா. காலண்டரில் வட்டம் போட்டாச்சு.